ஓடியிருந்தால்

எட்டாவது இன்னிங்ஸ். நாலுக்கு நாலு.
இரண்டு பேர் அவுட். இரண்டாம் தளத்தில் மிலோ ஸ்வோபடா.
இடது எல்லைக்கு அப்பால் அறுக்காத கோதுமை,
அதன் தூசி விளக்கொளியில் மிதந்துகொண்டிருந்தது.

பகலில் நான் தானியக் கிடங்கின் எடைமேடைக்காரி.
லாரி ஏறும். எண் நடுங்கும், நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
ஞாயிறு மாலைகளில், எண்பது டாலருக்கு,
முள் இல்லாத தராசு.

பந்து தரையோடு வந்தது.
ஷார்ட்ஸ்டாப் டைட்டஸ் வெய்ஸ் வலப்பக்கம் பாய்ந்தான்.
கிளவுஸுக்கும் மண்ணுக்கும் நடுவே
ஒரு விரல்கடை. அதில் நழுவியது.

நழுவும்வரை பாதை அவனுடையது,
ஓடுகிறவன்தான் சுற்றிப் போகவேண்டும்.
நழுவிய பிறகு
அவன் வழியில் கிடக்கும் ஓர் உடம்பு.
உரிமை கைமாறும்போது
யாரும் மணி அடிப்பதில்லை.

மூச்சடைத்துக் கிடந்தவனின் விலாவில்
மிலோவின் பூட்ஸ் இடறியது.
என் விரல் எனக்கு முன்பே நீண்டுவிட்டது.
"அது மறிப்பு!"

சொன்னேன், ஆட்டத்தை நிறுத்தவில்லை.
நிறுத்தக் கூடாது.
மிலோ கையூன்றி எழுந்தான், தத்தித் தத்தி
மூன்றாம் தளத்தைத் தொட்டு நின்றான்.
பந்து பிட்சரிடம் திரும்பியது.
அப்போதுதான் இரண்டு கையையும் தூக்கினேன்.

இனிமேல்தான் என் வேலை.
நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.
நடக்காததை நான் பார்க்கவேண்டும்:
விழாத ஒரு மிலோ,
மூன்றாம் தளத்தின் உள்முனையை மிதித்துத் திரும்புகிறான்.
இடது ஃபீல்டர் இன்னும் குனியவேயில்லை, புல் ஈரம்.
கோச்சின் கை சுழல்கிறது.
(அதைச் சாட்சிக்கு எடுக்க முடியாது,
அந்தக் கை மின்விசிறி, கரண்ட் போனாலும் சுற்றும்.)
பந்து கிளம்புகிறது, ஒருமுறை குதிக்கிறது,
இல்லாத மிலோவின் இல்லாத சறுக்கல்
ஹோம் பிளேட்டின் மேல் வெள்ளையாய்ப் புழுதி கிளப்புகிறது.

அரை அடி முன்னால்.
அல்லது அரை அடி பின்னால்.

விரலை ஹோமுக்குக் காட்டினேன்.

கம்பிவலையைப் பிடித்து உலுக்கியது லிராய் வெய்ஸ்,
கிடந்தவனின் அப்பா.
"வெர்னா! அவன் எங்கே போவான்?
மண்ணைப் பிளந்து உள்ளே போவானா?"

வேண்டுமென்று செய்தானா என்று
விதி கேட்பதில்லை, லிராய்.
மறியல் செய்ய வந்தவனையும்
மயங்கி விழுந்தவனையும்
ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடும்.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
"மறிப்பு. ஓட்டம் செல்லும்," என்றேன்.
குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாய் வந்தது.

ஐந்துக்கு நாலிலேயே ஆட்டம் முடிந்தது.
காரில் பாக்கிச் சூரியகாந்தி விதைகளைக் கொறித்தபடி
பதினேழு மைல் ஓட்டினேன். ஒரு மான்கூடக் குறுக்கே வரவில்லை.
வந்திருந்தால் நான் எங்கே போயிருப்பேன் என்று
ஒவ்வொரு வளைவிலும் கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணி.
வரிசையில் மூன்றாவது லாரி லிராயுடையது.
பக்கத்து இருக்கையில் டைட்டஸ்,
பனியனுக்குள் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை அணைத்தபடி.
எனக்கு இரண்டு விரல் தூக்கினான்.
வணக்கமா, வலியா, தெரியவில்லை.

எண் நடுங்கி நின்றது.
இருபத்து நாலாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.
லிராய் சீட்டைப் படித்தார், மடித்தார்,
சட்டைப்பையில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை.
கதவை மூடப்போனவர் நிறுத்தினார்.

"அரை அடி இருக்குமா?"

"இருக்கும்," என்றேன்.
எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.
பின்னால் நான்காவது லாரி ஹாரன் அடித்தது.
மேடையை மறித்துக்கொண்டு நிற்கிறோமாம்.